கைக்குழந்தை முதல் டீன் ஏஜ் வரை: பிள்ளையை ஆஸ்டியோபாத்திடம் எப்போது, எப்படி அழைத்துப் போவது

என் சின்னவனுக்கு அப்போது ஐந்து வாரம். சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், முகம் சிவக்க, முட்டியை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழத் தொடங்குவான், பத்து மணி வரை ஓயமாட்டான். பிரசவத்துக்காக மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை "பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு, புடவையில போட்டு உருட்டி எடுத்தா சரியாயிடும்" என்றார். எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா "ஒஸ்டியோபாத்திட்ட ஒருக்கா கொண்டுபோய்க் காட்டுங்கோ, என்ர மகளுக்கு அதாலதான் சுகம் வந்தது" என்றார். வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டர் "இது கோலிக், நல்லா இருக்கிற பிள்ளையே காரணம் தெரியாமல் மணிக்கணக்காக அழுவது, தானாகப் போய்விடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரும் என் பிள்ளை நல்லா இருக்கணும் என்றுதான் சொன்னார்கள், ஆனால் இராத்திரி பதினொரு மணிக்குத் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கும்போது யார் பேச்சைக் கேட்பது என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு கேட்டும் படித்தும், இரண்டு பிள்ளைகளையும் அழைத்துப் போய் அனுபவப்பட்டும் தெரிந்துகொண்டதை லண்டன் மாதிரி பிரிட்டன் ஊர்களில் பிள்ளை வளர்க்கும் நம்ம ஆட்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில், ஆஸ்டியோபதி என்றால் என்ன? மருந்து, ஊசி இல்லாமல், எலும்பு, தசை, மூட்டு இவற்றைக் கையால் தொட்டு, நீட்டி, அழுத்திச் செய்யும் வைத்தியம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்கர் தொடங்கியது. 1892-ல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் முதல் கல்லூரி வைத்தார். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் "எங்க டாக்டரே டி.ஓ.தான்", அதாவது ஆஸ்டியோபதி பட்டம் வாங்கியவர்தான், என்று சொல்லிக் குழப்புவார்கள். அங்கே அந்தப் பட்டம் வாங்கியவர்கள் மருந்து எழுதும், அறுவை சிகிச்சை செய்யும் முழு டாக்டர்கள். பிரிட்டனில் அப்படி இல்லை. இங்கே ஆஸ்டியோபாத் டாக்டர் கிடையாது; தனியாகப் பட்டம் படித்துப் பதிவு பெற்ற கைவைத்தியர். கைக்குழந்தைகளுக்குச் செய்வது பெரும்பாலும் 'கிரேனியல்' என்ற மென்மையான முறை, தலைக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் கையை வைத்துக்கொண்டு லேசாகத் தாங்கிப் பிடிப்பது. மண்டை ஓட்டு எலும்புகளுக்கு இடையே ஒரு தாளம் ஓடுவதாகவும் அதைக் கையால் உணர முடியும் என்றும் அந்த முறைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியாகத் தொட்டுப் பார்த்துச் சொன்னால் அந்தக் கணக்கு ஒத்துப்போவதில்லை என்று சோதித்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டே போங்கள்.

முதல் கதவு டாக்டர்தான்

இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அழுகிற பிள்ளையை முதலில் ஜிபி, அதாவது நம் குடும்ப டாக்டர், பார்க்க வேண்டும், ஆஸ்டியோபாத் அதற்குப் பிறகுதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், பால் குடிக்க மறுத்தால், நாப்பி நனைவது சட்டென்று குறைந்தால், ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால், உடனே மருத்துவ உதவி எண்ணான 111-க்கு அடியுங்கள். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால், உச்சிக்குழி புடைத்துக்கொண்டு நின்றால், அழுகை ஒரு மாதிரி கீச்சென்றோ ரொம்பச் சோர்ந்தோ கேட்டால், மூச்சுத் திணறினால், எழுப்பியும் எழவில்லை என்றால் அவசர எண்ணான 999. இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குடித்த பால் ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடிப்பது போல வெளியே வந்தால் அது வயிற்று வாசல் தடித்துப் போன நோயாக இருக்கலாம், அறுவை சிகிச்சைதான் தீர்வு, எந்தக் கைவைத்தியமும் அதைத் திறக்காது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் ஜிபி செய்யும் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். கண், இதயம், இடுப்பு மூட்டு எல்லாம் அதில் பார்க்கிறார்கள். பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஒரு தடவை பார்த்திருப்பார்கள், இது இரண்டாவது. வயிற்றில் கால் கீழே தலை மேலே இருந்த பிள்ளை என்றால் இடுப்புக்கு ஸ்கேன் எடுத்தார்களா என்று நீங்களே கேளுங்கள்.

சரி, டாக்டர் பார்த்துவிட்டார், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, கோலிக்தான் என்கிறார். இப்போது ஆஸ்டியோபாத்திடம் போனால் அழுகை நிற்குமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரன் அமைப்பு 2012-ல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. கைவைத்தியம் செய்து பார்த்த 6 ஆய்வுகள், மொத்தம் 325 குழந்தைகள். பல ஆய்வுகளில் அழுகை நேரம் குறைந்ததாகத்தான் வந்தது. ஆனால் அவற்றில் பலவற்றில் எந்தப் பிள்ளைக்கு வைத்தியம் நடந்தது என்று பெற்றோருக்கே தெரிந்திருந்தது, எத்தனை மணி நேரம் அழுதது என்று எழுதி வைத்ததும் அதே பெற்றோர்தான். பெற்றோருக்குத் தெரியாமல் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது உறுதியான வித்தியாசம் எதுவும் நிற்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கோலிக் அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கி, பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் நின்றுவிடும். நாம் தாங்க முடியாமல் அப்பாயின்ட்மென்ட் போடுவது எப்போது? சரியாக அந்த உச்சத்தில்தான். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும், உரம் எடுத்தாலும், ஓம வாட்டர் கொடுத்தாலும், அழுகை குறையத்தான் போகிறது, செய்ததால்தான் குறைந்தது என்று நமக்குத் தோன்றிவிடும். யாழ்ப்பாணத்து அக்கா பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

அப்படியானால் போகவே கூடாதா? நான் போனேன். மென்மையாகத் தொடுவதால் பிள்ளைக்குக் கெடுதல் வருவது அபூர்வம், அரை மணி நேரம் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பிள்ளையை முழுசாகப் பார்க்கிறார், நம் பேச்சைக் கேட்கிறார், தூங்காத அம்மாவுக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆனால் காசு கொடுத்து வாங்குவது என்ன என்று தெரிந்து போக வேண்டும். அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.-இல் இது பெரும்பாலும் கிடைக்காது, கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வீட்டு வாடகைக்கே திண்டாடும் மாதமாக இருந்தால் இதற்காகக் கடன் வாங்காதீர்கள், பிள்ளைக்கு நீங்கள் எந்தக் குறையும் வைத்துவிடவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாத யாரும் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வது குற்றம். அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்பாயின்ட்மென்ட் போடும் முன்பு இதைச் செய்யுங்கள். 'கிரேனியோசேக்ரல் தெரபிஸ்ட்' என்று மட்டும் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் ஏமாறும் இடம் இது. ஊருக்கு லீவில் போகும்போது அங்கே 'ஆஸ்டியோபதி' என்று போர்டு மாட்டியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு அங்கே கிடையாது.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. குழந்தைகளுக்கென்று தனிப் பதிவேடு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே போனிலேயே கேளுங்கள்: குழந்தை வைத்தியத்தில் தனியாக மேற்படிப்பு படித்தீர்களா, வாரத்துக்கு எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறீர்கள், என் பிள்ளைக்குச் சொடக்கு எடுப்பது போல ஏதாவது செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கு "மாட்டேன்" என்ற பதில் வர வேண்டும். கைக்குழந்தையின் கழுத்தையோ முதுகையோ 'டக்' என்று திருப்பும் யாரிடமும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள், எத்தனை பேர் புகழ்ந்து ரிவ்யூ எழுதியிருந்தாலும் சரி.

நான் முதலில் போன் செய்த ஒரு இடத்தில், பிள்ளையைப் பார்க்கும் முன்பே "ஆறு அமர்வு, மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்றார்கள். பிள்ளை இன்னும் தொட்டிலில் கிடக்கிறான், அவனுக்கு ஆறு தடவை வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? போனை வைத்துவிட்டேன். கோலிக்கைத் தீர்ப்போம், காது வலியைத் தீர்ப்போம், ஆஸ்துமாவைத் தீர்ப்போம் என்று எழுதி வைத்திருக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள். இங்கே விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு 2016-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: குழந்தைகளைப் பார்க்கிறோம் என்று விளம்பரம் செய்யலாம், ஆனால் போதுமான ஆதாரம் கையில் இல்லாமல் கோலிக் மாதிரி குழந்தைகளுக்கே உரிய பிரச்சினைகளைத் தீர்ப்பதாகச் சொல்லக் கூடாது. தடுப்பூசி போடாதீர்கள் என்று யாராவது வாய் திறந்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

போகும் அன்று

பிள்ளை பிறந்ததும் இங்கே கொடுக்கும் உடல்நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். எடை, தலைச் சுற்றளவு எல்லாம் அதில் இருக்கும். பால் கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்துப் போவது நல்லது. பசியோடு போனால் அழுவான், வயிறு முட்டக் குடித்தவுடன் போனால் கக்குவான். நாங்கள் போன பெண்மணி முதல் இருபது நிமிடம் பிள்ளையைத் தொடவே இல்லை, கேள்விகள்தான். எத்தனை வாரத்தில் பிறந்தான், வலி எவ்வளவு நேரம், ஆயுதம் போட்டு எடுத்தார்களா, எந்தப் பக்கம் பால் குடிக்கச் சண்டை போடுகிறான், எந்தப் பக்கம் தலையைத் திருப்பித் தூங்குகிறான்? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் கணவர்தான் போனை எடுத்து, பிறந்ததிலிருந்து எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் பிள்ளை வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றில்கூட இடது பக்கம் இல்லை.

பிறகு என் மடியிலேயே வைத்து, நாப்பியோடு மட்டும் விட்டுப் பார்த்தார். கழுத்தின் ஒரு பக்கத் தசை மற்றதைவிட இறுக்கமாக இருந்தது, பின்மண்டையின் வலது பக்கம் லேசாகத் தட்டையாகத் தொடங்கியிருந்தது. அவர் கையை வைத்து ஏதோ செய்தார், பிள்ளை தூங்கினான், அன்று இரவும் அழுதான். ஆனால் அந்தக் கழுத்து விஷயத்தை ஜிபிக்கு ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பிசியோவுக்கு (உடற்பயிற்சி வைத்தியர்) அனுப்பச் சொல்லுங்கள் என்றார். நான் கொடுத்த காசுக்குக் கிடைத்த உண்மையான பலன் அதுதான். நல்ல ஆஸ்டியோபாத் என்றால் தனக்கு அப்பாற்பட்டதை டாக்டரிடம் திருப்பி அனுப்பத் தயங்கமாட்டார். உங்கள் சம்மதத்தைக் கேட்காமல் எதையும் செய்யவும் கூடாது. பிடிக்கவில்லை என்றால் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கழுத்தும் தலையும்: வீட்டில் செய்ய வேண்டியது

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே காசே செலவில்லாமல் நிறையச் செய்ய முடியும். பிரிட்டனில் 1991-ல் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் நடந்தது, தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. அதன் கூடவே தலை தட்டையாவதும் அதிகமாகத் தெரிய வந்தது. இதற்காகப் பயந்து பிள்ளையைக் குப்புறத் தூங்கவைக்காதீர்கள், மல்லாக்கத்தான் தூங்க வேண்டும். தலைவடிவம் பெரும்பாலும் பிள்ளை உட்கார்ந்து எழுந்து நடக்கும்போது தானாகச் சீராகும். தலைவடிவத்தைச் சரிசெய்ய ஹெல்மெட் போடுவதைப் பற்றி நெதர்லாந்தில் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் இரண்டு வயதில் வித்தியாசம் தெரியவில்லை.

அத்தை ஊரிலிருந்து ஆசையாகக் கடுகுத் தலையணை தைத்துக் கொண்டுவந்திருந்தார், தலை உருண்டையாக வரும் என்று. அதை அவர் மடியில் பிள்ளை விழித்திருக்கும்போது மட்டும், எங்கள் கண் முன்னால் வைத்துக்கொள்ளலாம், தொட்டிலுக்குள் மட்டும் வேண்டாம் என்று பேசிச் சம்மதிக்கவைத்தோம். ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் எந்தத் தலையணையும் கூடாது என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் விதி, மூச்சு முட்டிவிடும். புடவையில் போட்டு உருட்டி உரம் எடுப்பதையும் வேண்டாம் என்றோம், கழுத்து நிற்காத பிள்ளை. எண்ணெய் தேய்ப்பதை அத்தை கையிலேயே விட்டுவிட்டோம், மூக்கையும் மண்டையையும் அமுக்கி வடிவம் பிடிக்காமல், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாமல். அவர் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, உள்ளங்கையால் முதுகை நீவிவிடும்போது அவன் அடங்கிப்போவதைப் பார்த்தபோது, அந்த ஆஸ்டியோபாத் அறையில் நடந்ததற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிசியோ சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். பிள்ளைக்குப் பிடிக்காத பக்கம்தான் சுவாரசியமானது எல்லாம் இருக்க வேண்டும். சின்னவனுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும், ஆகவே தொட்டிலில் தலை கால் மாற்றிப் படுக்கவைத்தோம், ஜன்னல் வெளிச்சமும் எங்கள் கட்டிலும் அவனுக்கு இடது பக்கம் வருகிற மாதிரி. பேசுவது, கிலுகிலுப்பை ஆட்டுவது எல்லாம் இடது பக்கம் நின்றுதான். விழித்திருக்கும்போது கவிழ்த்துப் போட வேண்டும், முதலில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அழுதால் எடுத்துவிடலாம், ஒரு நாளைக்குப் பல தடவை. தரையில் பிடிக்கவில்லை என்றால் நாம் சாய்ந்து படுத்து, நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளலாம், அதுவும் கணக்குதான், நாம் தூங்கிவிடக் கூடாது, அவ்வளவே. காருக்கான சீட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து அதிலேயே மணிக்கணக்காக விட்டுவைக்காதீர்கள். கழுத்தை நீட்டிவிடும் பயிற்சியைப் பிசியோ கண் முன்னால் ஒரு தடவை நீங்கள் செய்து காட்டிவிட்டுத்தான் வீட்டில் செய்ய வேண்டும், வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு சீக்கிரம் சரியாகும். சின்னவன் நாலரை மாதத்தில் இரண்டு பக்கமும் திரும்பினான். அழுகை அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

அழுகை தாங்க முடியாமல் கை நடுங்கும் இரவும் வரும். பிள்ளையைத் தொட்டிலில் பத்திரமாக மல்லாக்கப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடம் சமையலறையில் போய் நில்லுங்கள். குலுக்க மட்டும் கூடாது.

வளர்ந்த பிள்ளைகளுக்கு

மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை, ராத்திரி கால் வலிக்கிறது என்று அழுது, காலையில் ஒன்றுமே நடக்காதது போல ஓடும் பிள்ளைகள் நிறைய. வலி இரண்டு காலிலும், சாயங்காலமோ இரவோ வந்து, காலையில் இல்லை என்றால் பயப்பட வேண்டாம், தடவிக்கொடுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஒரே காலில் வலி, காலையில் எழும்போதே நொண்டுகிறது, வீக்கம், காய்ச்சல், எடை குறைவது, இதில் எது இருந்தாலும் ஜிபிதான், ஆஸ்டியோபாத் இல்லை.

என் மூத்தவளுக்கு 13. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் பரதநாட்டிய வகுப்பு. அரைமண்டியில் உட்காரும்போதும் தட்டும்போதும் முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்றாள், தொட்டுப் பார்த்தால் எலும்பு ஒரு சின்னப் பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர், வேகமாக வளரும் வயதில் தொடைத் தசை எலும்பை இழுக்கும் இடத்தில் வருவது. வளர்ச்சி நின்றால் வலியும் போய்விடும், ஆனால் அதுவரை நடனத்தின் அளவைக் குறைக்க வேண்டும், ஆட்டத்துக்குப் பிறகு ஐஸ் வைக்க வேண்டும், தொடைத் தசைக்குப் பயிற்சி வேண்டும். டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், பிள்ளை தானாகச் சொல்லாது. இந்த மாதிரி தசை மூட்டுத் தொந்தரவுகளில் ஆஸ்டியோபாத் உண்மையிலேயே உதவலாம், கையால் செய்வதோடு பயிற்சியும் சொல்லிக்கொடுப்பவராக இருந்தால். படுக்கவைத்து அமுக்கிவிட்டு மட்டும் அனுப்புபவர் என்றால் இரண்டாவது தடவை போகாதீர்கள்.

ஆனால் பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட பிள்ளை, முட்டி வலி என்று சொல்லி, நொண்டி, பாதம் வெளிப்பக்கம் திரும்பி நடந்தால் கவனம். சிக்கல் இடுப்பில் இருந்துகொண்டு வலி முட்டியில் தெரியலாம். தொடை எலும்பின் தலைப்பகுதி இடம் நழுவியிருந்தால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அந்தக் காலில் நடக்கவே விடக் கூடாது, யாரும் பிடித்து நீவவும் கூடாது.

முதுகுத்தண்டு வளைவதை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையைச் சட்டை இல்லாமல், காலைச் சேர்த்து நிறுத்தி, இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிக்கொண்டு முன்னால் குனியச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் உட்கார்ந்து முதுகைக் கண் மட்டத்தில் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் ஜிபியிடம் போங்கள். தெரிந்த குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு அரங்கேற்றத்துக்கு உடை அளவெடுத்தபோது தையல்காரம்மாதான் "ஒரு தோள் இறங்கியிருக்குதே" என்று கண்டுபிடித்தார். வளைவு ஒரு அளவைத் தாண்டினால், பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால், பெல்ட் மாதிரி பிரேஸ் போடுவது பலன் தருகிறது என்று 2013-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. கையால் நிமிர்த்திவிடலாம் என்று யாராவது சொல்லி மாதக்கணக்கில் இழுத்தால், பிரேஸ் போட வேண்டிய காலம் கடந்துவிடும்.

டீன் ஏஜ் பிள்ளையை அழைத்துப் போகும்போது, அங்கே என்ன நடக்கும், எந்த உடையைக் கழற்றச் சொல்லலாம் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஷார்ட்ஸும் கையில்லாத பனியனும் போட்டுப் போனால் பெரும்பாலும் கழற்றவே தேவைப்படாது. 16 வயதுக்குக் கீழ் என்றால் நீங்கள் அறையிலேயே இருங்கள். 16 ஆகிவிட்டால் இங்கே சட்டப்படி சம்மதம் அவர்களுடையது, அவர்கள் "அம்மா, வெளியே இரு" என்றாலும் இருக்க வேண்டியதுதான். அதற்குக் கீழ் இருந்தாலும் கேள்விகளுக்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும். என் மகளுக்கு வலிப்பது நான் நினைத்த இடத்தில் மட்டும் இல்லை, குதிகாலிலும்தான் என்பது அன்றைக்கு அவள் வாயைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

திரும்பி வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணி நேரம் அழுதான், எத்தனை தடவை ராத்திரி எழுந்தாள், எத்தனை நிமிடம் வலியில்லாமல் ஆடினாள். இரண்டு, மூன்று தடவை போன பிறகு அந்த நோட்டில் எதுவும் மாறவில்லை என்றால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டு, அதே நோட்டோடு ஜிபியிடம் போங்கள்.